குடைக்காரிக்கு மட்டும் இசை இல்லை

விவாகரத்து ஆனது அண்ணனுக்கும் அண்ணிக்கும். எனக்கும் அண்ணிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கோர்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே அவ நமக்கு யாருடி?"

"உனக்கு யாரோ. எனக்கு அண்ணி."

"அண்ணன் விட்டதுக்கப்புறம் அண்ணி எங்கிருந்து வருவா?"

அம்மா பேச்சில் ஜெயித்த திருப்தியில் தலையணை உறையை உதறினாள். ஜெயித்த முகமாகவும் அது இல்லை. அண்ணி போன நாளிலிருந்து அம்மா ஃபிளாஸ்க் மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அதை எங்கே வைத்தாள் என்று அண்ணிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் முடிந்தது. கேட்க மாட்டாள். ஃபிளாஸ்க் வாயில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, காபி ஆறிப்போச்சு என்று ஊரைத் திட்டுவாள்.

அண்ணனும் அண்ணியும் சண்டை போட்டிருந்தால் யாராவது நடுவில் புகுந்து சமாதானம் பேசியிருக்கலாம். சண்டையே போடவில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால் அவரவர் எழுந்துபோய் எடுத்துக்கொள்வார்களே தவிர, எதிரில் இருப்பவரைக் கேட்க மாட்டார்கள். வருடக்கணக்கில் இப்படி. கடைசியில் ரொம்ப மரியாதையாகப் பிரிந்தும் போய்விட்டார்கள். அண்ணன் கெட்டவன் இல்லை. அண்ணியும் கெட்டவள் இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்பவர் பக்கம் ஒரு பிரேக், அவள் பக்கம் ஒரு பிரேக் என்று இரட்டை பிரேக் வைத்த சின்ன வெள்ளைக் கார் அவளுடையது. நாள் முழுக்க அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் என் அறைக் கதவைக் காலால் தள்ளித் திறப்பாள். "வாலு, எடுடி லேப்டாப்பை" என்பாள். வாலு நான்தான். முப்பதை நெருங்குகிறவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது.

நாங்கள் ஆடியது ஒரு விஷுவல் நாவல். துப்பாக்கி, துரத்தல் எதுவும் கிடையாது. திரையில் ஓர் ஆள் படமாக நிற்பார், கீழே அவர் பேசுவது எழுத்தாக ஓடும். வாசித்துக்கொண்டே போகவேண்டும். நடுநடுவே என்ன செய்கிறாய் என்று இரண்டு வழி காட்டும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கதை அந்தப் பக்கம் போகும். அவ்வளவுதான் ஆட்டம். எங்களுடைய கதை ஒரு படகுத்துறையில் நடந்தது. மூடுபனி விழுந்து படகு புறப்படவில்லை. டிக்கெட் கொடுக்கும் ஆள் நாம்தான். காத்திருப்பவர்கள் நான்கு பேர். தண்ணீரைக் கண்டால் நடுங்கும் கேப்டன் ஒருவர். ஒவ்வொரு பையிலும் ஒரு கடிகாரம் வைத்திருந்தும் ஒன்றுகூடச் சரியான நேரம் காட்டாத கடிகாரக்காரர். வராத கூட்டத்துக்காக ரொட்டி சுட்டு அடுக்கும் ரொட்டிக்காரம்மா. நான்காவது ஆள், கடைசி பெஞ்சில் விரித்த குடையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். குடைக்காரி என்று பெயர் வைத்தோம்.

ஆட்டத்தில் குரல் கிடையாது, பின்னால் அலைச் சத்தம் மட்டும் இருக்கும். அதனால் நாங்களே குரல் கொடுத்தோம். கேப்டனும் ரொட்டிக்காரம்மாவும் அண்ணி, கடிகாரக்காரரும் டிக்கெட் ஆளும் நான். கேப்டனுக்கு அண்ணி கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரு தொப்பைக் குரல் வைத்திருந்தாள். "பனி கலையும். அதுவரைக்கும் யாரும் தண்ணியைப் பாக்காதீங்க!" என்பாள். அலைச் சத்தம் அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று ஆளுக்கொரு ஹெட்போன் வைத்துக்கொண்டோம். ஒரு முனையில் லேப்டாப், மறுமுனையில் இரண்டு ஹெட்போன் மாட்டுகிற மாதிரி ஒரு கிளை வயர் உண்டே, அதை வாங்கியது அண்ணி. இத்தனை ஏற்பாடும் செய்துவிட்டு நாங்கள் போட்ட சத்தத்தில் அலைச் சத்தம் எம்மாத்திரம்! "ஊர்ல நாத்தனாரும் அண்ணியும் முடியைப் பிடிச்சு இழுத்துக்குவாங்க. இதுங்க ரெண்டும் கதவைச் சாத்திக்கிட்டுக் கொக்கரிக்குதுங்க" என்று அம்மா கூடத்திலிருந்து கத்துவாள். அதில் அவளுக்குப் பெருமைதான்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒருவரை விட்டு ஒருவர் ஆடக்கூடாது.

கேப்டன் கதை முடிந்தது. மற்ற இருவர் கதையும் முடிந்தது. குடைக்காரி மட்டும் வாயே திறக்கவில்லை. அவள் பெஞ்சுக்குப் போனால் இரண்டு வழி காட்டும். 'என்ன ஆயிற்று என்று கேள்.' 'பேசாமல் பக்கத்தில் உட்கார்.' விசைப்பலகை எப்போதும் அண்ணி கையில். அவள் இரண்டாவதைத்தான் அழுத்துவாள். டிக்கெட் ஆள் பக்கத்தில் உட்காருவார், பனி நகரும், குடைக்காரி எழுந்து போய்விடுவாள். ஒரு தடவை கேட்டுத்தான் பார்ப்போமே என்றால், "வளைவுல இருக்கிற ஆளைக் கேள்வி கேக்கக் கூடாது வாலு. அவங்களா திருப்பட்டும்" என்பாள். தொழில் புத்தி என்று நானும் விட்டுவிட்டேன். ஆட்டத்தைச் செய்தவர்கள் குடைக்காரிக்குக் கதை எழுத மறந்துவிட்டார்கள் என்று நாங்கள் பேசி முடிவு கட்டியிருந்தோம்.

அண்ணி போனபோது லேப்டாப்பும் அவளோடு போனது. அது அவளுடையது. நாங்கள் ஆடிய அத்தனையும் அதற்குள்தான் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அண்ணன் ஒரு பையோடு வந்தான். அண்ணி கொடுத்துவிட்டது. அவனுடைய இரண்டு சட்டை, ஒரு சார்ஜர், அடியில் என் ஹெட்போன். சுற்றிக் கட்டி, ரப்பர் போட்டு, ரொம்ப ஒழுங்காக. கிளை வயரைக் காணோம். அதை மட்டும் மறந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். அந்த ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் பொருள் உன்னிடம், இனி நமக்குள் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? போன் போட்டேன். "கிளாஸ்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. சரி, அவளுக்கு இந்த வீட்டு வாடையே வேண்டாம் போலிருக்கிறது, நானும் இந்த வீட்டில் ஒருத்திதானே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துவிட்டால் ஆயிற்றா? சாயங்காலமானால் கதவை யாராவது காலால் தள்ளுகிறார்களா என்று காது அங்கேயேதான் இருக்கும்.

அப்போதுதான் ஒரு மிக்ஸ் செய்யத் தொடங்கினேன். ஒரு விளையாட்டு பிடித்துப்போனவர்கள் அதன் ஆட்களுக்குத் தாங்களாக இசை செய்து, ஒன்றோடொன்று கோத்து, அந்த விளையாட்டின் ரசிகர்கள் இணையத்தில் கூடுமிடத்தில் போடுவது வழக்கம். அதற்குப் பெயர்தான் மிக்ஸ். எலெக்ட்ரானிக் இசைதான், கம்ப்யூட்டர் ஒன்று போதும். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது, சத்தம் தெரியும். காது பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க ஆட்களைச் சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, 'பீப்' அனுப்பி, கேட்கிறதா கேட்கிறதா என்று பார்க்கிறவள் நான்.

கேப்டனுக்கு அடிக்குரல் இசை வைத்தேன். மனிதருக்குத் தண்ணீர் பயமில்லையா, அதனால் ஆழத்துக்குப் போகிற இடத்திலெல்லாம் வெட்டி மேலே இழுத்துவிட்டேன். கடிகாரக்காரருக்கு மூன்று டிக்டிக், மூன்றும் வேறு வேறு வேகம், முட்டி மோதிக் கடைசியில் ஒரு நொடி மட்டும் ஒன்றாக விழும். ரொட்டிக்காரம்மாவுக்கு வெதுவெதுப்பாக மெல்ல உப்பி வருகிற ஒரு சத்தம், முடிவில் அடுப்பு மணி. இந்த எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற தாளம் அண்ணி காரின் இண்டிகேட்டர். ஒரு நாள் என்னை வேலைக்குக் கொண்டுவிட்டபோது சும்மா பதிவு செய்துவைத்தது. அண்ணியின் தொப்பைக் குரலும் இருந்தது. ஆடும்போது ஒரு தடவை போனில் பிடித்துவைத்திருந்தேன். இசை ஏறி ஏறி உச்சிக்குப் போய் நிற்கிற இடத்தில் "யாரும் தண்ணியைப் பாக்காதீங்க!" என்று அது வந்து விழும், உடனே தாளம் மொத்தமாக இறங்கும். முதல் தடவை போட்டுக் கேட்டபோது சிரித்தேன். இரண்டாவது தடவை அழுகை வந்தது.

குடைக்காரிக்கு ஒன்றும் செய்யவில்லை. பேசாதவளுக்கு என்ன இசை? அவள் இடத்தில் எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டு இண்டிகேட்டரை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். டிக், டிக், டிக். ரொம்ப ஆழமாக ஏதோ செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

போட்ட மறுநாளே ஆட்கள் வந்து குவிந்தார்கள். கேப்டன் குரல் யாருடையது, அவரைக் கட்டிக்கொள்ளத் தயார் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். சந்தோஷமாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தேன். அப்புறம் இது வந்தது.

'எல்லாம் அருமை. குடைக்காரிக்கு ஏன் இசை இல்லை? ஆட்டத்திலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தானே?'

அதற்குக் கீழே இன்னொருவர்: 'அவள் கதைதான் கடைசிக் கதை. அது முடிந்தால்தான் பனி விலகும், படகு போகும். என்ன ஆயிற்று என்று கேட்டாலே திறந்துவிடுமே. நீங்கள் கேட்கவே இல்லையா?'

அதற்கும் கீழே: 'ஒவ்வொரு தடவையும் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.' இதற்கு முப்பது பேர் விழுந்து விழுந்து சிரித்துவைத்திருந்தார்கள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! வளைவில் இருக்கிற ஆளைக் கேள்வி கேட்கக் கூடாது, முட்டாள்களே, என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். ஆட்டத்தைப் புதிதாக இறக்கி நானே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். பெரிய வேலையில்லை. ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் ஆடுவதில்லை என்று பேச்சு. பேச்சை ரத்து செய்ய நான் என்ன கோர்ட்டா?

அண்ணியிடம் போகவேண்டும். போய், குடைக்காரி பேசுவாளாம் அண்ணி என்று சொல்லவேண்டும். அவள் முகம் மலருமா, "அதெல்லாம் விட்டுட்டேன்மா" என்று சொல்லிவிடுவாளா? அந்த 'மா' வெளி ஆட்களுக்குப் போடுவது. வாலு என்று கூப்பிட்ட வாயால் 'மா' போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது.

அந்த வாரம் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். "சத்தம் கேட்டா அழுத்துங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்க. சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க, தப்பில்லை."

"தப்பா அழுத்திட்டா?"

"ஒண்ணும் ஆகாது. அடுத்த சத்தம் வரும்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியவள் அப்படியே நின்றேன். அடிப் பாவி, ஊருக்கெல்லாம் நல்லா சொல்கிறாயே!

மதியம் ஓட்டுநர் பள்ளிக்குப் போன் போட்டு ஒரு பாடத்துக்குப் பதிவு செய்தேன். அண்ணியின் போனில் இன்னொரு 'அப்புறம்' கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. பாடம் என்றால் வந்துதானே ஆகவேண்டும்? பெண் பயிற்சியாளர்தான் வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். அங்கே இருப்பதே ஒரு பெண்தான்.

மறுநாள் உணவு இடைவேளையில் வெள்ளைக் கார் பரிசோதனைக் கூடத்து வாசலில் வந்து நின்றது. அண்ணி இறங்கினாள். முடியைக் கழுத்துவரை வெட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள், கையிலிருந்த போனில் வந்திருந்த விவரத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீயா?"

"ஆமா. பதிவு பண்ணிருக்கேன். வேணும்னா பள்ளிக்கூடத்துல கேட்டுக்கோங்க."

"ஓசியில கத்துக்குடுக்கறேன் வாடின்னு நாலு வருஷமா கெஞ்சினேன். அப்ப கால் வலி, கழுத்து வலி."

"இப்ப சரியாயிடுச்சு."

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, வேறு எதையாவதா, தெரியவில்லை. "ஏறு" என்றாள்.

கார் ஓட்டுவது என்ன அவஸ்தை என்று அதுவரை எனக்குத் தெரியாது. கிளட்சை விட்டால் வண்டி குதித்து அணைகிறது. விடாவிட்டால் உறுமிக்கொண்டு நிற்கிறது. அண்ணி பாடத்தை மட்டும் பேசினாள். "கண்ணாடி" என்பாள். கொஞ்ச தூரம் போய் "கியர்" என்பாள். வாலு என்றும் சொல்லவில்லை, 'மா'வும் போடவில்லை. எனக்கு ஸ்டியரிங் வழுக்குகிற அளவு வியர்த்தது. நாற்சந்தியில் வண்டி அணைந்துபோய், பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

"அடிச்சா அடிக்கட்டும். உனக்குக் கேக்கலைன்னு நினைச்சுக்கோ. நீதான் காது டாக்டராச்சே."

"டாக்டர் இல்லை, டெக்னீஷியன்" என்றேன். எங்கள் பழைய கிண்டல் அது. அண்ணி எப்போதும் அப்படிச் சொல்வாள், நான் எப்போதும் இப்படித் திருத்துவேன்.

கிடங்குகள் வரிசையாக இருக்கும் ஆளில்லாத தெருவுக்குள் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். நிறுத்து என்றாள். நான் எங்கே நிறுத்தினேன், அவளே தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள்.

"இப்ப சொல்லு. எதுக்கு வந்த?"

முந்தைய நாள் முழுக்க எனக்குள்ளேயே பேசிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. பையிலிருந்து போனையும் ஹெட்போனையும் எடுத்து நீட்டினேன். "ஒண்ணு செஞ்சிருக்கேன். கேளுங்க."

"வண்டியில பாட்டு போடக் கூடாது. பள்ளிக்கூட ரூல்."

"வண்டி நிக்குது."

அண்ணி ஹெட்போனை வாங்கிப் பார்த்தாள். அவள் சுற்றிய சுற்றும் அவள் போட்ட ரப்பரும் அப்படியே இருந்தன. நான் அதைப் பிரிக்கவே இல்லை, மிக்ஸைக்கூட ஸ்பீக்கரில் கேட்டுத்தான் செய்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தன் முன்னாலிருந்த பெட்டியைத் திறந்தாள். துடைக்கிற துணி, சாலைக் குறிகள் போட்ட புத்தகம், அதற்கடியிலிருந்து அவளுடைய ஹெட்போன். அதோடு கிளை வயர்.

"இதை மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்றேன்.

"மறக்கிற ஆளா நான்?" அவள் இரண்டையும் வயரில் மாட்டினாள். "உன் ஹெட்போனை வெச்சுக்கிட்டா உங்கம்மா ஒண்ணு சொல்வாங்க. அதனால குடுத்துட்டேன். வயர் என் காசுல வாங்குனது, யாரும் கேக்க முடியாது. இதைத் தேடிக்கிட்டாவது நீ வருவேன்னு பாத்தேன்."

"நான் கடையில வேற வாங்கிட்டிருந்தா?"

"அதான் பயமா இருந்துச்சு" என்றாள் அண்ணி, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

"அப்புறம் பேசறேன்னீங்க. பேசவே இல்லை."

"போனை எடுத்து எடுத்து வெச்சேன். என்னன்னு பேசறது? உங்கம்மா எடுத்தா யாருன்னு சொல்றது? உனக்கு நான் இனிமே யாருன்னே எனக்குத் தெரியலை. நீயும் ஒரு தடவைக்கு மேல கூப்பிடலை."

இரண்டு பேரும் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு ஊரின் இரண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம். அட, கூறுகெட்ட ஜென்மங்களே! நான் மிக்ஸைப் போட்டேன்.

கேப்டனை அண்ணி உடனே கண்டுபிடித்துவிட்டாள். "ஆழத்துக்கே போக மாட்டேங்கறாரு பாரு, பயந்தாங்கொள்ளி" என்றாள். அவள் குரலே வந்து விழுந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு, சீட் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கடிகாரங்கள் ஒன்றாக விழுந்த நொடியில் என் முழங்கையைப் பிடித்தாள். அடுப்பு மணிக்கும் கையை எடுக்கவில்லை. அப்புறம் எல்லாம் அடங்கி இண்டிகேட்டர் மட்டும் ஓடியது. டிக், டிக், டிக்.

அண்ணி சட்டென்று குனிந்து, என் முன்னால் கையை நீட்டி இண்டிகேட்டர் கம்பியைத் தட்டினாள். சத்தம் நிற்கவில்லை. மறுபடி தட்டினாள்.

"இது வண்டி இல்லை அண்ணி. பாட்டு."

"என் வண்டியா?"

"உங்க வண்டி. எல்லாத்துக்கும் அடியில அதுதான் ஓடுது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழட்டாமலே கேட்டாள். "அந்த இடத்துல ஏன் காலி?"

"குடைக்காரி. அவதான் பேச மாட்டாளேன்னு விட்டுட்டேன். ஆனா அவ பேசுவாளாம் அண்ணி. கேட்டா பேசுவாளாம். ஊரே சொல்லுது. நாமதான் கேக்கவே இல்லையாம்."

அண்ணி ஹெட்போனைக் கழட்டி மடியில் வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"ரெண்டு வழி போட்டிருக்கான். ஒண்ணுல ஒண்ணுமே நடக்கலைன்னா இன்னொண்ணுலதானே எல்லாம் இருக்கும்? இதுகூடத் தெரியாதா? நான் என்ன உன்னை மாதிரியா?"

"அப்ப ஏன்? வளைவு, கேள்வி கேக்கக் கூடாது, அது இதுன்னீங்களே!"

"அவ கதை கடைசிக் கதை. அது முடிஞ்சா படகு போயிடும், ஆட்டம் முடிஞ்சிடும்." அண்ணி வயரைப் பிரித்துச் சுற்றத் தொடங்கினாள். "ஆட்டம் முடிஞ்சா என்ன சாக்கு சொல்லிட்டு உன் ரூமுக்கு வர்றது? அந்த வீட்ல நான் வாய் திறந்து பேசின இடம் அது ஒண்ணுதான் வாலு."

வாலு என்றாள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து ஓவென்று அழுதேன். நெற்றி பட்டு ஹாரன் அடித்தது. தெருக்கோடியில் ஒரு காவலாளி எட்டிப் பார்த்தார்.

"அடியேய், எழுந்திரு. பாடம் எடுக்கற லட்சணத்தைப் பாத்து என் வேலை போயிடும்" என்றாள் அண்ணி. அவள் மூக்கும் சிவந்திருந்தது. துடைக்கிற துணியை எடுத்து முதலில் என் முகத்தைத் துடைத்து, அப்புறம் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்கண்ணன்கிட்டயும் நான் அந்த ரெண்டாவதைத்தான் அழுத்திட்டே இருந்தேன். பேசாம பக்கத்துல உக்காருன்னு. அவனும் அதையேதான் அழுத்தினான். சரி, அது வேற கதை."

சாயங்காலம் வேலை முடிந்ததும் அவளே வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரே அறைதான் அவளுடைய வீடு. மூன்றாவது மாடி, ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலோரம் உலரப் போட்ட சீருடைச் சட்டை. மேசைக்கு ஒரு நாற்காலிதான். கட்டிலை மேசைவரை இழுத்துப் போட்டு இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தோம். லேப்டாப்பைத் திறந்தாள். நாங்கள் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. பனி, கடைசி பெஞ்சு, குடை. போனதிலிருந்து அவளும் தொட்டிருக்கவில்லை.

ஹெட்போனை மாட்டும்போது என் போன் அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்க? மணி என்னாச்சு?"

அண்ணியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது மட்டும் இங்கே இருந்தது. பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அண்ணி வீட்ல இருக்கேன்மா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுவது மட்டும் கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

"உங்கண்ணியைக் கேளு, அந்த ஃபிளாஸ்க் மூடியை எங்கதான் வெச்சிருக்கான்னு. காபி ஆறி ஆறிக் குடிச்சு என் உயிர் போகுது."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணி பக்கம் திருப்பினேன்.

"மேல் அலமாரியில அத்தை. பிஸ்கட் டப்பாவுக்குள்ள. நீங்க தொலைச்சிடுவீங்கன்னு நான்தான் உள்ள போட்டேன்."

"நான் தொலைக்கறேனா? பாருங்க பேச்சை!" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு பேரும் ரொம்ப நேரம் உக்காந்து கண்ணைக் கெடுத்துக்காதீங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

திரையில் இரண்டு வழிகளும் காத்துக்கொண்டிருந்தன. அண்ணி லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள்.

"நீ அழுத்து."

எனக்குக் கை வரவில்லை. அண்ணி ஏன் அதை அழுத்தவில்லை என்று தெரியாத வரைக்கும் துடித்துக்கொண்டு வந்தவள், இப்போது தெரிந்தபின் தயங்கினேன். "முடிஞ்சிடுமே அண்ணி."

"முடியட்டும்."

"முடிஞ்சா அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாக்கு இல்லாம வா" என்றாள். "கதவு பூட்டு கொஞ்சம் சரியில்லை. காலால தள்ளினா திறக்கும்."

முதல் வழியை அழுத்தினேன். என்ன ஆயிற்று என்று கேள்.

குடைக்காரி குடையை மடக்கினாள். இத்தனை நாளில் அவள் முகத்தை அன்றுதான் பார்த்தோம். பெரிய அழகியில்லை. எங்கோ பார்த்த மாதிரி ஒரு முகம். கீழே எழுத்து ஓடத் தொடங்கியது. யார் குரல் கொடுப்பது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, அண்ணி வாசித்தாள். கன்னத்தை உப்பவில்லை, குரலை மாற்றவில்லை. அவளுடைய சொந்தக் குரலிலேயே வாசித்தாள்.

"ஒருவழியாக் கேட்டுட்டியா? நல்லா உக்காரு. இது பெரிய கதை."

அண்ணி அங்கே நிறுத்தி ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள், பிறகு தொடர்ந்தாள். நான் கட்டிலில் காலை மடக்கி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தக் குரலைப் பதிவு செய்து மிக்ஸில் காலியாக விட்ட இடத்தில் வைக்கவேண்டும் என்றுதான் போனைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். கதை முடிந்து, பனி விலகி, படகு போன பிறகுதான் பார்க்கிறேன், பதிவுப் பொத்தானை நான் அழுத்தவே இல்லை.

இன்றைக்கும் அந்த மிக்ஸில் குடைக்காரியின் இடத்தில் இண்டிகேட்டர் மட்டும்தான் ஓடுகிறது. ஏன் அவளுக்கு மட்டும் இசை இல்லை என்று இன்னும் யாராவது கேட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் பதில் போடுவதில்லை. அவள் பேசியது என்னிடம்.